உயர்தரத்துக்கு எங்கே சேர்ப்பது?

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே, தேயிலை மலைகளுக்கும் இறப்பர் தோப்புகளுக்கும் இடையில் வரிசை வரிசையாக நிற்கும் லயங்களில், சில வார காலம் ஒரே கேள்விதான் பேச்சாக இருக்கும்: பிள்ளையை உயர்தரத்துக்கு எங்கே சேர்ப்பது? நெடுங்காலம் இந்தப் பகுதியில் உபாத்தியாயராக இருந்தவன் என்ற முறையில், இக்கேள்வியோடு என் வாசலுக்கு வந்த பெற்றோர் பலரை அறிவேன். அவர்களிற் பெரும்பாலார் உயர்தர வகுப்பின் உட்புறத்தைத் தாங்கள் கண்டவர்கள் அல்லர். கண்டறியாத ஒன்றைத் தம் பிள்ளைக்காகத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு அவர்கள்மேல் விழுகிறது.

அமெரிக்க தேசத்துப் பெற்றோரும் அரசாங்க உயர்நிலைப் பள்ளியைத் தெரிவு செய்யும்போது இவ்விதம் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. காலேஜ் போர்ட் என்னும் ஸ்தாபனம் 1955 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும், பல்கலைக்கழகத் தரத்திலான அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் பாடங்கள் அந்தப் பள்ளியில் எத்தனை இருக்கின்றன, 1968 இல் ஜெனீவாவில் தோன்றிய சர்வதேச பக்கலோரியேட் என்னும் பாடத்திட்டம் அங்கே உண்டா என்று விசாரித்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே அவை மேலதிகமான வசதிகள்; அவை இல்லாத பள்ளியிற் படித்த பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. நம் நாட்டிலோ அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு உயர்தரப் பரீட்சையே வாசல். அந்த வாசலுக்குள்ளும், உயிரியல், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, 2013 இல் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்பம் என்று வழிகள் முன்கூட்டியே பிரிந்துவிடுகின்றன. விஞ்ஞானப் பிரிவு இல்லாத பள்ளியிலே பதினாறு வயதிற் சேர்ந்த பிள்ளைக்கு வைத்தியமும் பொறியியலும் அந்த வருஷமே அநேகமாக முடிந்துபோன கதை.

நமது பாடசாலைகளை அரசாங்கம் வகுத்திருக்கும் முறையிலேயே இந்த வித்தியாசம் எழுதப்பட்டிருக்கிறது. விஞ்ஞானம் உட்பட உயர்தரம் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1சி. பதினோராம் ஆண்டோடு நின்றுவிடுபவை இரண்டாம் வகை. அதற்கும் முன்பே நின்றுவிடுபவை மூன்றாம் வகை. தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை கடைசி இரு வகைகளைச் சேர்ந்தவை. எட்டியாந்தோட்டை புனித மரியாள் கல்லூரி, தெஹியோவிற்ற தமிழ் மகா வித்தியாலயம், இறக்குவானை பரியோவான் கல்லூரி என்று பிள்ளைகள் மேற்படிப்பை நாடிச் செல்லும் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் விரைவிலேயே சொல்லி முடித்துவிடலாம். அவற்றுள்ளும் விஞ்ஞானம் தமிழ் மொழியிலே முழுமையாகக் கற்பிக்கப்படும் இடங்கள் மிகச் சில.

இந்நிலை தானாக வந்ததன்று. நுவரெலியாவைப் போல நம்மவர் செறிந்து வாழும் பிரதேசம் இதுவன்று; இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1945 ஆம் ஆண்டில் கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது, தோட்டப் பள்ளிகள் துரைமார்களின் நிர்வாகத்தில் இருந்தபடியால் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை எழுபதுகளின் பிற்பகுதியிலேதான் முறையாகத் தொடங்கியது. அதே காலத்தில், 1977 இலும் 1981 இலும் 1983 இலும் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களால், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து அநேக குடும்பங்கள் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்து போயின. பிள்ளைகள் குறைந்த இடத்திற் பள்ளிகள் மெலிந்தன. மெலிந்த பள்ளியில் விஞ்ஞானப் பிரிவு தொடங்குவார் யார்?

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, விடியற்காலையிற் பால் வெட்டி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார் ஒரு தகப்பனார். விரல் இடுக்குகளிலே இறப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. மகளின் பெறுபேற்றுத் தாளைப் பொலித்தீன் உறையொன்றில் மடித்து வைத்திருந்தார். "சேர், புள்ள கணக்குலயும் விஞ்ஞானத்துலயும் ஏ எடுத்துருக்கு. பயோ படிக்கணுங்குது. நம்ம பக்கம் ஆர்ட்ஸ்தான் இருக்கு. ஹட்டன்ல சேத்தா நல்லதுன்னு சொல்றாங்க. நீங்க என்னா சொல்றீங்களோ அதச் செய்றேன் சேர்" என்றார். நான் பதில் சொல்லுமுன், அதுவரை தலை குனிந்து நின்ற அந்தப் பெண் நிமிர்ந்து கேட்டாள்: "சேர், அங்க கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இருக்காங்களா?"

பள்ளிகளை ஒப்பிட முனையும் எவரும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் அபிப்பிராயம். பிரிவு இருக்கிறது என்று அறிவிப்பது ஒன்று. அந்தப் பிரிவின் மூன்று பாடங்களுக்கும் இரண்டு வருஷமும் இடையறாமல் ஆசிரியர் வகுப்பில் நிற்பது வேறொன்று. பௌதிகவியலுக்கு ஆள் வந்து இரசாயனவியலுக்கு ஆள் வராத பள்ளி, விஞ்ஞானப் பள்ளி என்ற பெயரை மாத்திரமே உடையது. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருகிறவர் சில காலத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவரிடம் பாதி படித்த பிள்ளைகள் மீதிப் பாடத்திட்டத்தைத் தாமே வாசித்துத் தெரிந்துகொள்ள முயல்கிறார்கள். ஆய்வுகூடங்களும் அப்படித்தான். பூட்டிய அலுமாரிக்குள் அளவியும் குழாயியும் வந்திறங்கிய பெட்டியிலேயே, வைக்கோலும் பிரியாமல் இருந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்; எடுத்து உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தால் ஒருவரும் தொடவில்லை. தன் கையால் ஒரு நியமிப்பைச் செய்து, கரைசலின் நிறம் மாறும் அந்தத் துளியைக் காணாமலே இரசாயனவியல் எழுதப் போகும் பிள்ளைக்கு நாம் இழைப்பது அநீதி.

அடுத்தது தூரம். எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு பஸ் ஓடுகிறது; ஹைலன்ட்ஸ் கல்லூரியின் பெயரை இந்தப் பகுதியில் அறியாதார் இல்லை. இறக்குவானைப் பிள்ளையோ பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று கடந்து கொழும்புக்குப் போக வேண்டும். இரண்டுமே தினந்தோறும் போய் வரும் பிரயாணம் ஆகாது. ஆகவே போர்டிங், சாப்பாடு, விஞ்ஞானப் பிள்ளைகள் தவிர்க்க முடியாத டியூஷன் என்று செலவு மாதந்தோறும் வளர்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021 ஆம் ஆண்டு வரை காத்திருந்த ஜனங்களின் செலவு இது. மழைக்காலத்தில் களுகங்கையும் களனியின் கிளைகளும் பெருகி வீதியை மூடும்போது, 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் போல மலை சரியும்போது, வீட்டிலே என்ன ஆயிற்றோ என்று தூர ஊரிலிருக்கும் பிள்ளையின் மனம் புத்தகத்தில் நிற்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலாந் தவணையிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தியிலே குறைவில்லை, தனிமையைத் தாங்கும் பயிற்சியே இல்லாமற் போயிற்று.

பக்கத்து நகரத்துச் சிங்களப் பாடசாலையிற் சேர்ப்பதை இன்னொரு வழியாகச் சிலர் சொல்வார்கள். அங்கே ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருக்கலாம். சின்ன வகுப்பிலிருந்தே சிங்கள மொழியிற் படித்த பிள்ளைக்கு அது நேரான பாதை. ஆனால் பதினோராம் ஆண்டு வரை தமிழிலே சிந்தித்த பிள்ளையை உயர்தரத்திலே திடீரென்று வேறு மொழிக்கு மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. இணைந்த கணிதத்தின் கஷ்டமே போதுமானது.

ஹட்டன், கொழும்பு என்று புறப்படுமுன் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு விஷயம், பல்கலைக்கழக அனுமதியின் மாவட்ட முறை. விஞ்ஞானத் துறைகள் போன்றவற்றில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இரத்தினபுரி அப்பின்தங்கிய பட்டியலில் உண்டு, கேகாலை இல்லை. பிள்ளை எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படும் என்பதற்குப் பாடசாலையிற் கற்ற காலத்தையொட்டிய விதிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலிலே அவை தமிழில் உள்ளன. விடுகைப் பத்திரம் எடுக்குமுன் யாரேனும் படித்த ஒருவரைக்கொண்டு அவற்றை வாசித்துக் கேட்பது அவசியம்.

கலைப் பிரிவைத் தாழ்வாக எண்ணுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியராகி, நமது தோட்டப் பள்ளிகளை இன்று தாங்கி நிற்கிறவர்களிற் பலர் கலை படித்தவர்கள். வரலாற்றையும் தமிழையும் விரும்பும் பிள்ளை அதைத்தான் படிக்க வேண்டும். என் மனம் பொறுக்காதது, விருப்பமும் திறமையும் விஞ்ஞானத்தில் இருக்க, பக்கத்திலே வேறு பிரிவு இல்லாத காரணத்தாலேயே ஒரு பிள்ளை கலைக்குள் தள்ளப்படுவது. "தோட்டத்துப் பிள்ளைக்கு ஆர்ட்ஸ் போதும்" என்று சொல்லுகிறவர்கள், அடுத்த தலைமுறையின் இரசாயனவியல் ஆசிரியரையும் சேர்த்தே இல்லாமற் செய்கிறார்கள். ஏனெனில் இன்று இங்கே விஞ்ஞானம் படிக்காவிட்டால், நாளை இந்த மண்ணிலே தங்கி விஞ்ஞானம் கற்பிக்க வெளியிலிருந்து ஒருவரும் வரப்போவதில்லை.

அந்தத் தகப்பனாரும் மகளும் ஒரு வேலைநாளிலே, அவருடைய நாட்பெயரும் கூலியும் போனாலும் போகட்டும் என்று, ஹட்டனுக்குப் போனார்கள். வகுப்பு நடப்பதைப் பார்த்தார்கள்; ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள்; போர்டிங் வீட்டு அம்மாவைக் கண்டு பேசினார்கள்; சென்ற வருஷம் சேர்ந்த நம் பகுதிப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். அதன் பிறகுதான் அவள் சேர்ந்தாள். பெயரைக் கேட்டு மயங்காமலும் தூரத்தைக் கேட்டுப் பயப்படாமலும் தீர்மானம் செய்ய வேறு உபாயம் எனக்குத் தெரியாது.

பெற்றோர்களே, நீங்களும் அவ்விதமே போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளையை முன்னே விட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களத்தாரிடம் என் விண்ணப்பம் ஒன்றுண்டு: புதிய பிரிவுகளைப் பல பள்ளிகளில் அறிவிப்பதை நிறுத்தி வைத்து, இரத்தினபுரியில் ஒன்றும் கேகாலையில் ஒன்றுமாக இரண்டே தமிழ்ப் பள்ளிகளுக்கேனும், உயர்தர விஞ்ஞானப் பாடங்கள் அனைத்துக்கும் ஆசிரியரையும், திறந்திருக்கும் ஆய்வுகூடத்தையும், பெண் பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு விடுதியையும் தாருங்கள்.