ஃப்ரீசரில் வைத்தது பழையதா?

உணவகச் சமையலறையில் மாவு தேய்க்கும் மேடைக்கு அடியில், இடுப்புயரம்கூட இல்லாமல், ஓர் எவர்சில்வர் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே உரித்த இறால், துண்டு போட்ட கோழி, பச்சைப் பட்டாணி, போன மாதம் வந்து இறங்கிய சூரை மீன். இவற்றில் எது பழையது? ஆசாரம் பார்க்கிறவர்கள் சிலர் எல்லாமே பழையது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தொழில் செய்கிறவர்களோ மைனஸ் 18 டிகிரியில் காலமே நின்றுவிடுகிறது, பழையது என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார்கள். முதல் தரப்பு கடிகாரத்தைப் பார்க்கிறது, இரண்டாம் தரப்பு இயந்திரத்தைப் பார்க்கிறது. பார்க்க வேண்டியது அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் ஆளை என்பது என் கட்சி.

உணவைத் தேக்கி வைப்பது பற்றி மதங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. கீதையின் 17ஆம் அத்தியாயம், 10ஆம் சுலோகம், சமைத்து நேரம் கடந்ததையும் சாரம் போனதையும் இரவு தங்கியதையும் தாமச உணவாக வைக்கிறது. ஆனால் மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் நெய்யோ எண்ணெயோ கலந்த பண்டம் இரவு தங்கினாலும் உண்ணலாம் என்று விலக்குத் தருகிறது. கோதுமையிலும் பாலிலும் செய்தவற்றுக்கும் அந்தச் சலுகை உண்டு. விதி எழுதியவர்கள் மணிக்கணக்கை மட்டும் பார்க்கவில்லை, எது கெடும் எது கெடாது என்பதையும் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பௌத்த விநயம் பிட்சுக்கள் உணவைச் சேமிப்பதைத் தடுக்கிறது. ஆனால் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் மருந்தாக ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பைபிளின் யாத்திராகமத்தில் மறுநாளுக்கு என்று எடுத்துவைத்த மன்னா புழுத்துப் போகிறது; ஓய்வு நாளுக்காக வைத்தது மட்டும் கெடுவதில்லை. எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இஸ்லாமிய மரபில் வரும் செய்தி. குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று நபிகள் ஓர் ஆண்டு தடுத்தார். பிறகு உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார். தடுத்த ஆண்டில் மக்கள் வறுமையில் இருந்தார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இறைச்சி கெட்டுவிடும் என்ற பேச்சே அங்கு இல்லை.

ஆக, தேக்கி வைத்த உணவைப் பற்றிய கவலை இரண்டு. உண்பவருக்கு அது தீங்கு செய்யுமா என்பது ஒன்று. வைத்திருப்பவர் பசித்தவருக்குக் கொடுக்காமல் ஒளிக்கிறாரா என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு முன்னோர் நம்பியது நேரக் கணக்கையும் மூக்கையும்தான். ஊசிப்போன சாம்பார் தானே காட்டிக்கொடுத்துவிடும். நம் வீடுகளில் பழைய சோற்றைத் தெரிந்தே புளிக்க வைத்து, விரும்பியே உண்கிறோம். அதன் வயது எத்தனை இரவு என்பதை நாக்கே சொல்லிவிடுகிறது. ஃப்ரீசர் இந்த இரண்டு சாட்சிகளையும் வாயடைத்துவிடுகிறது. நேற்று வந்த மீனும் மூன்று மாத மீனும் ஒரே வெள்ளைப் பனிப்பூச்சோடு, ஒரே கல் போல, மணமின்றிக் கிடக்கின்றன.

அங்கே உண்மையில் நடப்பது என்ன? உறையவைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை. பெரும்பாலானவை பெருகாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். வெம்மை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெம்மையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். உண்டானபின் மறுபடி உறையவைத்தாலும் அது போகாது, குழம்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. இரவில் நெடுநேரம் மின்சாரம் போய், மீன் இளகி, விடியற்காலையில் மின்சாரம் வந்து மறுபடி கல்லாகிவிட்டால், காலையில் கதவைத் திறப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. அந்த மீன் பழையதுதான். ஒழுங்காக உறைந்தே இருந்த ஒரு மாத மீன் பழையதல்ல. நாள்காட்டியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

எனவே தூய்மை என்பது இங்கே அன்றாட வேலை. ஃப்ரீசர் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கம்ப்ரசர் இழுத்த மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்கிறது. கொட்டுவதற்கு இடம் வேண்டும். மேடைக்கு அடியில் பொருந்துகிறதே என்று அடுப்பை ஒட்டிச் செருகி, காற்றுப்போக்குக் கம்பிக்கு முன்னால் எண்ணெய் டின்னை அடுக்கினால், அந்த வெப்பம் போக வழியின்றித் திரும்பி வரும். வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் தரையை ஒட்டி இருப்பதால் மைதா தூசியும் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் கம்பளி போலப் படிகின்றன. வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டாவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் குளிர் ஏறாது. பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பியபின்தான் பிளக் போட வேண்டும். கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டைச் செருகி மூடி இழுத்தால் பிடிப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. சூடான குருமாவைப் பாத்திரத்தோடு உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருப்பவை இளகும். ஐஸ் கட்டிவிட்டால் கத்தியால் சுரண்டுவது நம் ஊர் வழக்கம். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-290, அதாவது புரோப்பேன், அது தீப்பற்றும்.

இந்த வேலைகளில் எதையும் சாப்பிட வருகிறவர் பார்ப்பதில்லை. ஒரு பழைய தந்திரம் உண்டு. சிறு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஃப்ரீசர் மூலையில் விட்டுவிட வேண்டும். மறுநாள் நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. ஐஸுக்கு நடுவிலோ அடியிலோ புதைந்திருந்தால் இரவில் பெட்டி இளகி மீண்டும் உறைந்திருக்கிறது. வேதாந்திகள் சொல்லும் சாட்சிக்கு இதைவிட மலிவான உருவம் கிடைக்காது: எதிலும் கலக்காமல் நடந்ததைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. ஆனால் பூஜ்ஜியத்தைத் தாண்டியதை மட்டுமே அது சொல்லும். மைனஸ் 18 மைனஸ் 6 ஆனதைச் சொல்லாது. அதற்குப் பொருள்களுக்கு நடுவே தனி தெர்மாமீட்டர் வேண்டும். முகப்பில் ஒளிரும் எண் ஒரு மூலையின் காற்றை மட்டும்தான் அளக்கிறது.

மூன்று மறுப்புகள் வரக்கூடும். சாத்திரம் பேசுவது குணத்தைப் பற்றி, கிருமியைப் பற்றியல்ல என்பது ஒன்று. சரி, கோயில் மடைப்பள்ளியில் அன்றன்று சமைத்தே நைவேத்தியம் செய்வதை நான் கேள்வி கேட்கவில்லை. அது படைத்தல் என்னும் செயல், அதன் ஒழுங்கு வேறு. ஆனால் கீதை சொல்லும் சாரம் போவதை எடுத்துக்கொண்டாலும் விடை பராமரிப்பிலேயே வந்து நிற்கிறது. மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் சதையின் செல்களைக் கிழித்து, இளகும்போது சாறு வடிந்துவிடும். வேகமாக உறைந்தால் பெருமளவு தங்கும். அளவுக்கு மீறித் திணித்த பெட்டியில் எதுவும் வேகமாக உறையாது. இரண்டாவது மறுப்பு, இது சட்டத்தின் வேலை, தர்மத்தை ஏன் இழுக்க வேண்டும் என்பது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் உரிம விதிகளும் இருக்கின்றன, இருக்கட்டும். ஆய்வாளர் என்றைக்கோ ஒருநாள் வருவார், மின்வெட்டு அவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் செய்வதைத்தானே எல்லா மதங்களும் கணக்கில் எடுக்கின்றன?

மூன்றாவது மறுப்பு கனமானது. அன்னத்தைத் தள்ளாதே என்கிறது தைத்திரீய உபநிஷதம். இளகியது என்று பத்துக் கிலோ மீனைக் கொட்டுவது பாவமில்லையா? பாவம்தான். ஆனால் அது நிகழ்ந்தது கொட்டும்போது அல்ல, கண்டன்சரைத் தட்டாமல் விட்ட வாரத்தில். அந்த நட்டத்தை வாடிக்கையாளர் வயிற்றுக்கு மாற்றிவிடுவதால் கணக்குச் சரியாகாது. இரண்டாவது கவலையான பசித்தவர் பங்கு பற்றி ஃப்ரீசருக்கு விடையே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு அணைவதில்லை. பழையதா என்ற கேள்வி எழும் முன்பே சோறு இலைக்குப் போய்விடுகிறது. உணவகம் தருமசாலை அல்ல, அதற்குச் சேமிப்பு வேண்டும். ஆனால் இரவு மிஞ்சிய பிரியாணியை நாளை விற்கலாம் என்று உறையவைப்பதும், வராத கூட்டத்துக்காக வாங்கிய கோழியைக் காப்பதும் ஒன்றல்ல. முன்னது அன்றிரவே யாருக்காவது பசி தீர்த்திருக்கும்.

உணவகம் நடத்துபவர்களே, கதவருகே ஒரு தாளை ஒட்டுங்கள். காலையும் இரவும் டிகிரியை எழுதச் சொல்லுங்கள், எழுதியவர் கையெழுத்தையும் வாங்குங்கள். நாணயம் மூழ்கிய நாளில் கொட்டச் சொல்லும் அதிகாரத்தை முதலாளியிடம் மட்டும் வைக்காமல், கதவைத் திறந்து பார்க்கும் பையனுக்கும் கொடுங்கள்.