பேணுதலும் வழிபாடே

நீரிழிவு போன்ற நெடுநாள் நோய் வந்தபின், ‘எப்படியும் அழியக்கூடிய உடல்தானே’ என்று மருந்தைக் கைவிடுவோர் உண்டு. வைராக்கியம்போல் தோன்றும் அது உண்மையில் மனச்சோர்வே. உணவு, உலாவல், செயல், உறக்கம், விழிப்பு ஆகியவற்றில் அளவைப் பேணுபவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்கிறது பகவத்கீதை (6:17).

ஆகவே, காலந்தவறாத உணவும் மருந்தும் சாதனையின் அங்கங்களே. நீரிழிவு நாளடைவில் கால்களின் உணர்ச்சியை மழுங்கச் செய்யக்கூடும். அப்போது சிறு புண்ணும் வலியின்றியே வளரும். இரவுப் பிரார்த்தனைக்கு முன் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது அன்றாட நியமமாகட்டும். விரத நாளில் மருத்துவரைக் கேளாமல் உணவை விட்டுவிட்டு, இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அத்தகைய விரதத்தை இறைவன் கேட்பதில்லை.

பணிவிடை செய்வோருக்கும் அதே சுலோகம் பொருந்தும். தாயின் படுக்கையருகே பல இரவுகள் கண்விழித்த மகள், ஓர் இரவு அப்பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கினால், அது சேவையில் குறைவாகாது. எண்ணெய் வற்றிய விளக்கு எவருக்கும் ஒளி தராது. நோயாளியிடம் சிவனைக் காண்பவர், தம்முள்ளும் அதே சிவன் உறைவதை மறக்கலாகாது.