மூத்த பிள்ளையா, சின்ன அம்மாவா?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மூத்தவள் பத்தாம் வகுப்பு; தம்பி எட்டாவது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நான் மூத்தவங்கிறதால இந்த வேலையா, பொண்ணுங்கிறதாலயா?"

மூத்தவள் என்பதால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மனசாட்சி குத்தியது. திருச்சி பொன்மலையில் நானும் மூத்தவனாகத்தானே வளர்ந்தேன்! மூத்தவன் என்று முதல் இட்லி எனக்கு வைத்தார்கள். தட்டைக் கழுவியது தங்கை.

உயில் எழுதாத சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்று கிறிஸ்தவர்களுக்குரிய 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. சொத்தில் சரிபங்கு, வேலையில்?

பொறுப்பு நல்லதுதான். ஆனால் ஆண் யார், பெண் யார் என்று பிள்ளைகள் முதலில் படிப்பது நம் அடுப்படியில்தான். இப்போது நானும் மகனும் முறைபோட்டுத் தேய்க்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி? ஜெபத்தோடு சிந்திப்போமா?