புழுக்கத்தில் ஓடுதல்: தவம் பற்றிய ஒரு விசாரணை

தன் உடலைத் தானே வருத்திக்கொள்ளும் ஒருவருடைய செயல் எந்த இடத்தில் தவமாகிறது, எந்த இடத்தில் வெறும் உடல்வருத்தமாக நின்றுவிடுகிறது என்னும் வினா, சைவம், வைணவம், பௌத்தம், சமணம் ஆகிய மரபுகள் யாவற்றிலும் பலமுறை கேட்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விடை பெற்ற பழைய வினாவாகும். ஓட்டத்தால் வருவாய் ஏதும் பெறாமல், வேறொரு தொழிலால் குடும்பத்தைக் காத்துக்கொண்டு, விருப்பத்தின் பேரில் மட்டும் மரதன் போன்ற நெடுந்தூரங்களுக்காக நாள்தோறும் பயிலும் ஓட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது, அதிலும் கோடையின் வெக்கையிலும் புழுக்கத்திலும் அவர் ஒரு நாளும் தவறாமல் ஓடுவதைக் காணும்போது, தவம்போலச் செய்கிறார் என்று சொல்வது தமிழர் வழக்கம். உவமையாகச் சொல்லப்படும் அதை உண்மையாகவே கொள்ளலாமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

கொள்ளலாம் என்று தயக்கமின்றிச் சொன்னவர் ஸ்ரீ சின்மோய். 1931 இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்து, 1944 முதல் இருபது ஆண்டுகள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்த அவர், அங்கே தியானத்தோடு குறுந்தூர ஓட்டத்தையும் பயின்றவர். உடற்பயிற்சியை ஆன்மிகப் பயிற்சியின் ஓர் உறுப்பாகக் கொள்வது அவ்வாசிரமத்தின் கொள்கையாகவே இருந்தமையால், 1949 இல் அது உடற்கல்விக்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கியபோது அரவிந்தரும் அதில் எழுதினார். 1964 இல் நியூயோர்க் சென்ற சின்மோய் அங்கு உருவாக்கிய ஓட்ட மரபின் உச்சம், 1997 முதல் நடைபெற்றுவரும் 3100 மைல் ஓட்டமாகும். குயின்ஸ் பகுதியில் ஒரு பாடசாலையைச் சூழ்ந்த, அரை மைலைச் சற்றே தாண்டும் ஒரே நடைபாதையை, காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை, 52 நாட்களுக்குள் 5649 முறை சுற்றிவருவதே அந்த ஓட்டம். பல ஆண்டுகள் அது நியூயோர்க்கின் புழுக்கம் மிகுந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்திலேயே நடந்தது. வென்றவருக்குக் கிடைப்பது ஒரு சிறு கிண்ணமும் அதுபோன்ற சிறு பொருட்களுமே. போய்ச் சேரும் ஊரோ வழியில் மாறும் காட்சியோ இல்லாத இவ்வோட்டம் கோயிலில் பிரகாரம் சுற்றுவதற்கு மிக நெருங்கியது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் சுற்றுகளின் எண்ணிக்கை உடலின் பொறையைக் காட்டுமேயன்றி, அப்பொறை தவமா என்பதைக் காட்டாது. அதற்கு வெப்பம் உடலில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

இலங்கையின் மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலை இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள ஏற்ற ஊராகும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள சென் கூம்ஸ் தோட்டத்தின் பாதையிலோ, சென்கிளயர் அருவி கண்ணில்படும் அட்டன் வீதியிலோ விடியற்காலையில் ஓடுபவரின் இமையிலும் மீசையிலும் பனித்துளி கோத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன், அதாவது அவ்வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் உண்மையில் உள்ளது என்னும் அளவு, அப்போது நூறை எட்டியிருக்கும். எனினும் அவருக்குப் புழுக்கம் இல்லை. 15 பாகை செல்சியஸில் மூடுபனி நிறைந்த காற்றின் ஒரு கனமீற்றரில் உள்ள நீராவி 13 கிராம் அளவே. கொழும்பில் 28 பாகையில், ஈரப்பதன் 85 வீதமாகக் குறைந்திருக்கும்போதும், அதே கனமீற்றரில் 23 கிராம் இருக்கும். ஓடும் உடலின் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அசைவாக மாறுகிறது, மிகுதி வெப்பமாக உள்ளே தேங்குகிறது. அதை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை. அவ்வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், வழிந்தோடினால் குளிராது: ஒரு லீற்றர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும், அதே ஒரு லீற்றர் தரையில் சொட்டினால் உடலைவிட்டு நீங்குபவை நீரும் உப்பும் மட்டுமே. மலையில் பயின்று, போட்டிக்காகக் கரையோரத்துக்கு இறங்கும் ஓட்டக்காரர், மேலே எளிதாக ஓடிய வேகத்தில் கீழே ஐந்து கிலோமீற்றருக்குள் திணறுவதற்குக் காரணம் உறுதிக்குறைவு அன்று, நீராவியின் இந்தக் கணக்கே.

இத்தகைய காற்றில் நாள்தோறும் பயில்பவரின் உடல் பத்து முதல் பதினான்கு நாட்களில் மாறுகிறது. வெப்ப இசைவாக்கம் எனப்படும் அம்மாற்றத்தில், குருதியின் நீர்ப்பகுதி முதல் சில நாட்களிலேயே பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது, அதே வேகத்தில் இதயத்துடிப்புத் தணிகிறது. ஆனால் இப்பயனைப் பெற ஒரு நிபந்தனை உண்டு: ஓடுபவர் தம் வழக்கமான வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கடிகாரம் காட்டும் வேகத்தை மனவலிமையால் பிடித்துவைக்க முயல்பவர் உள்வெப்பத்தை 40 பாகைக்கு மேல் கொண்டுபோய் வெப்ப அதிர்ச்சிக்கு ஆளாகக்கூடும். அந்நிலையில் முதலில் பிறழ்வது பெரும்பாலும் காலன்று, அறிவே. நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறியையே வெப்பம் தாக்குகிறது என்பதை, உடலை மனம் வெல்வதே தவம் என்று கருதுவோர் போதிய அளவு சிந்திப்பதில்லை. 2019 இல் தோஹாவில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியின் மகளிர் மரதன், வெயிலைத் தவிர்க்க நள்ளிரவில் தொடங்கப்பட்டும், 30 பாகையைத் தாண்டிய புழுக்கத்தில் 68 பேரில் 40 பேரே ஓடி முடித்தனர். பாதியில் நின்ற 28 பேரும் உலகத்தரம் வாய்ந்தவர்கள். அவர்களிடம் மனவலிமை இல்லை என்று எவரும் சொல்லார்.

இங்கேதான் புராணங்கள் காட்டும் தவத்துக்கும் இப்பயிற்சிக்கும் உள்ள இடைவெளி தெரியவருகிறது. நுவரெலியாவுக்கு அருகே சீதையம்மன் கோயில் அமைந்த சீத்தாஎலிய முதலாக, மலைநாட்டின் இடங்கள் பலவும் இராவணன் கதையோடு இணைத்துப் பேசப்படுகின்றன. அந்த இராவணன் தன் தலைகளை ஒவ்வொன்றாக அரிந்து தீயிலிட்டு வரம் பெற்றவன். கந்தபுராணத்துச் சூரபத்மனும் அவ்வாறே தன்னை வருத்தி வரம் பெற்றவன். இவர்களுடைய தவம் ஒருமுறை செய்து முடித்தால் சேமிப்பாக நின்று பலன் தரும், அதை வைத்து உலகை ஆளலாம், பிறரை வருத்தலாம். வெப்பத்தில் பெற்ற இசைவாக்கமோ பயிற்சி நின்ற சில வாரங்களில் கரைந்துபோகிறது. அடுத்த கோடையில் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அசுரத் தவத்தின் குறையே அது சேமிக்கப்படுவது என்று கொண்டால், இந்நிலையாமை ஓட்டப் பயிற்சிக்கு ஒரு சிறப்பாகவே அமைகிறது. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும் இதற்கு ஒருவகையில் துணைநிற்கிறது: நோன்பிருந்து வேடம் பூணுவோர் ஆடும் அக்கூத்தில், சிவனுடைய தவமே கலைக்கப்பட வேண்டியதாகிறது, உலகின் துயர் தீர அது கலைந்தே ஆகவேண்டும், கலைத்த காமன் எரிக்கப்படுகிறான், பின்னர் இரதியின் முறையீட்டுக்கு இரங்கி மீட்கவும் படுகிறான். தவம் தனக்காகத் தான் நிற்கும் ஒன்றன்று என்பதைத் தோட்ட மக்கள் நூல்வழியாக அல்லாமல் கூத்துவழியாக ஆண்டுதோறும் கண்டுவந்திருக்கிறார்கள்.

பகவத்கீதையின் 17 ஆம் அத்தியாயம் தவத்தை முக்குணங்களின்படி பிரிக்கிறது. பயனை விரும்பாது செய்வது சாத்துவிகம், மதிப்புக்காகவும் காட்சிக்காகவும் செய்வது இராசதம், மூடப்பிடிவாதத்தால் தன்னை வதைத்தோ பிறருக்குக் கேடு நினைத்தோ செய்வது தாமதம். ஓடிய தூரத்தையும் நேரத்தையும் கைப்பேசியில் உடனுக்குடன் பிறருக்குக் காட்டும் இக்காலப் பழக்கத்துக்கு இரண்டாம் வகை அப்படியே பொருந்தும். புழுக்கத்தில் வேகத்தைக் குறைக்க மறுப்பது மூன்றாவது. இப்பகுப்பு பயனுள்ளதேயானாலும், செய்பவரின் உள்ளத்தை மட்டுமே அளப்பது அதன் எல்லை.

அவ்வெல்லையைக் காண ஓட்டக்காரர் ஓடும் பாதையின் ஓரத்தைப் பார்த்தாலே போதும். காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கான ஆட்கணக்கெடுப்பு, முடிந்து, இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்கள், மாசி பங்குனி மாதங்களில், காற்று குளிர்ந்திருந்தும் உயரத்தின் காரணமாகச் சுள்ளென்று இறங்கும் வெயிலில் நாள் முழுதும் செங்குத்தான சரிவில் நிற்கிறார்கள். குறித்த கிலோ சேராவிட்டால் அன்றைய உழைப்பு அரைப்பேராக, அதாவது அரைநாள் கூலியாகக் குறிக்கப்படும். அவர்களுடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள், வழியிலேயே மாண்டவர்கள் பலர். வருத்தத்தின் அளவே தவத்தின் அளவாயின், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வீடு திரும்புபவரைவிட இவர்களே பெருந்தவத்தோர் ஆவர். அவ்வாறு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அப்புகழ்ச்சியை ஐயத்தோடுதான் கேட்க வேண்டும், ஏனெனில் உழைப்பைத் தவமென்று போற்றுவது கூலியைப் பற்றிய பேச்சை அடக்குவதற்கு மிக வசதியான வழி. ஆகவே தவத்துக்குத் தன் விருப்பம் இன்றியமையாதது என்பது தெளிவு. அதுமட்டும் போதுமா என்பது வேறு.

திருக்குறளின் 27 ஆம் அதிகாரமாகிய தவம், இதற்குக் கீதையைவிடக் கண்டிப்பான ஓர் அளவைத் தருகிறது. தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே தவத்தின் வடிவம் என்பது வள்ளுவர் கருத்து. முதற்பாதி மட்டும் இருந்தால் அது இராவணனிடமும் இருந்தது. அதே அதிகாரத்தில், துறந்தவர்களுக்கு உணவும் பிறவும் தரவேண்டியே மற்றவர்கள் தவம் செய்வதை மறந்தார்களோ என்று அவர் கேட்பதும் உண்டு. உரைகள் இதை இல்லறத்தார் துறவியருக்குச் செய்யும் கடனின் சிறப்பாக விளக்கும். ஆனால் அக்கேள்வியை ஓட்டக்காரரின் வீட்டு வாசலில் வைத்தால் அது கூர்மையடைகிறது. லயத்து வீடொன்றில் ஒருவர் விடியுமுன் ஓடப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் பீலித்தண்ணீர் பிடிப்பதும், அடுப்பு மூட்டுவதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்வதும் நின்றுவிடுவதில்லை. அவற்றை வேறொருவர், பெரும்பாலும் பெரட்டுக்குப் போகவேண்டிய பெண் ஒருவர், செய்துகொண்டிருக்கிறார். ஓடுபவரின் தவத்துக்கு முதலிடுபவர் அவ்வேலைகளைச் செய்பவரே என்பதைக் கணக்கில் எடுக்காத எந்த விளக்கமும் அரைகுறையானது. இதனால் ஓட்டம் தவமாகாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தவமென்று கோருபவர் அந்த ஒரு மணி நேரம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே கோர வேண்டும்.

பௌத்த நூல்களில் வரும் சோணர் என்னும் துறவியின் வரலாறு இவ்விரண்டு சிக்கல்களையும், அதாவது அளவையும் பங்கீட்டையும், ஒரே இடத்தில் தொடுகிறது. சம்பா நகரத்துச் செல்வர் வீட்டில், உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்த அவர், துறவு பூண்டபின் நடந்தபடியே தியானம் செய்யும் பயிற்சியில் இடைவிடாது ஈடுபட்டார். பாதங்கள் வெடித்து நடைபாதை முழுதும் குருதியாயிற்று. இத்தனை முயன்றும் பயனில்லையே, வீடு திரும்பி அறம் செய்து வாழலாமே என்று அவர் எண்ணியபோது, புத்தர் வந்து வீணை நரம்பை எடுத்துக்காட்டி, மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் அது இசைக்காது, முயற்சியும் அவ்வாறே சமன்பட வேண்டும் என்று தெளிவித்தார். இப்பகுதியைப் பலரும் அறிவர். புழுக்கத்தில் வேகத்தைத் தளர்த்தும் ஓட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் கிடைப்பது அரிது. விநயத்தில், அதாவது துறவியருக்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பில், வரும் அடுத்த பகுதியே குறைவாகப் பேசப்படுவது. மென்பாதம் கொண்ட சோணருக்கு ஒற்றைத்தோல் பாதணி அணியப் புத்தர் அனுமதி அளிக்கிறார். சோணர் அதை ஏற்க மறுக்கிறார்: வண்டி வண்டியாகப் பொன்னைத் துறந்து வந்தவன் ஒரு செருப்பை விடமாட்டாமல் நிற்கிறான் என்று பிறர் பேசுவர், சங்கத்தார் எல்லோருக்கும் அனுமதி கிடைத்தால் தானும் அணிவதாகச் சொல்கிறார். அதன் பேரிலேயே துறவியர் அனைவருக்கும் பாதணி அனுமதிக்கப்பட்டது. தன் காலில் குருதி வடிந்ததை அவர் தவமாகக் காட்டவில்லை, அதற்குக் கிடைத்த ஆறுதலைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. ஓட்டக்காரரின் சப்பாத்தும் கொழுந்து பறிப்பவரின் வெறுங்காலும் ஒரே பாதையில் எதிர்ப்படும் ஊரில், சோணருடைய மறுப்பு அவருடைய நடையைவிடக் கடினமான பயிற்சியாகத் தோன்றக்கூடும்.