விதி என்ற ஒற்றைச் சொல்

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க எங்கள் வீட்டில் பரமபதம்தான். சின்னமனூர் வீட்டுத் திண்ணையில் விரிக்கும் அந்தப் பெரிய தாள் மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருக்கும். மார்கழிக் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அப்பத்தா தாயக்கட்டையை உருட்டும். தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம். உச்சிக்குப் பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கும் பெரிய பாம்பு கடித்தால் மறுபடி அடிக்கட்டம்.

ஒரு வருஷம் அப்படி இறங்கிய ஆத்திரத்தில் அழுதுகொண்டே கேட்டேன்: “நான் என்ன தப்புப் பண்ணேன்? கட்டைதான அப்படி விழுந்துச்சு?”

அப்பத்தா சிரித்தது. “அதுக்குப் பேருதான்த்தா விதி.”

சனிக்கிழமை தவறாமல் குச்சனூருக்குப் போய் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட்ட மனுஷி. விதியோடு அதற்குத் தனிக் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

அன்றைக்கு முற்றத்தில் இன்னொரு பிள்ளை நின்றாள். எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவரின் மகள். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள். பாம்பு கடிக்கும்போதெல்லாம் எங்களைவிடச் சத்தமாகக் கத்தினாள். “அவளும் ஆடட்டுமே அப்பத்தா” என்றேன்.

“அவ அங்கிட்டே நின்னு பாக்கட்டும்.”

“ஏன்?”

“அது அவ விதி.”

ஒரே ராத்திரி, ஒரே வாய், ஒரே சொல். ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று பிடிபட எனக்கு நாற்பது வருஷம் ஆனது. தமிழில் தலையெழுத்தும் விதி, சட்டமும் விதி. கட்டை எப்படி விழும் என்பது முதல் விதி. அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. கட்டையை யார் கையில் கொடுப்பது என்பது இரண்டாவது. அது திண்ணையில் உட்கார்ந்தவர்கள் போட்டது. தாளில் அச்சிடாத அந்தச் சட்டத்துக்குத்தான் தலையெழுத்து என்று பெயர் வைத்திருந்தோம். தாயம் என்ற சொல்லுக்கே பங்கு, பரம்பரைச் சொத்து என்று பொருள் உண்டு. தாயாதி அதில் வந்ததுதான். பங்கு உள்ளவர்களே காயை இறக்கினோம்.

ஆட்டத்தின் சட்டம் மாறாததா? தெருவில் நாங்கள் தினமும் மாற்றினோம். ஓட முடியாத சின்னவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. அவன் ஜெயித்தாலும் கணக்கில் வராது. கால் முடியாதவரை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது என்பதும் அப்போது உறைக்கவில்லை. சேர்த்துக்கொள்வது வேறு, ஓர் ஆளாக எண்ணுவது வேறு.

போன வருஷம் மகள் கணினியில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை ஆடினாள். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய்தான் நாயகி. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பில் பாதி எழுத்து அழிந்திருக்கும். மீதியை யோசித்து இட்லி அவிக்க வேண்டும். தப்பினால் ஆட்டம் முடிவதில்லை, மறுபடி அவிக்கலாம். தமிழே தெரியாத யாரோ எங்கோ உட்கார்ந்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார் என்று நினைக்க, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒப்புக்கு இல்லை, ஆளாகவே நம்மைத் திண்ணையில் ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த நொடி, முற்றத்தில் நின்றவள் ஞாபகத்துக்கு வந்தாள்.

பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலப்பது அதன் விதி என்றுதான் ஒரு காலத்தில் இருந்தது. 1895-இல் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் அந்தத் தண்ணீரைக் கிழக்கே எங்கள் பக்கம் திருப்பின. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் அதில்தான் விளைகிறது. திருப்பிவிட்ட விதியைத் தின்று வளர்ந்தவர்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து, விதியை மாற்ற முடியாது என்றோம்.

அந்தத் தண்ணீரில் எங்களுக்கு நாற்று நட்டது அவளுடைய அம்மா.