புதைகம்பியும் பொதுப்பணமும்

மின்கம்பிகளைத் தலைக்கு மேலே இழுப்பதா, மண்ணுக்குள் புதைப்பதா என்பது பொறியியலாளர் தீர்க்கவேண்டிய பிரச்சினை போலத் தோன்றும். ஆனால், புதைக்கும் செலவை யார் தருவது என்று கேட்டுவிட்டால் அது அறத்தின் பிரச்சினையாகிவிடுகிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு இது தொலைதூரத்து விவகாரமன்று. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி நமது தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது; மின்கம்பங்களையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் மாரி பிறந்தால் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுவதும், ஊர் இருளில் கிடப்பதும் நாம் அறிந்தவையே. எனவே, கம்பிகளைப் புதைக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதனை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

எனினும், அக்கோரிக்கைக்குள் இரண்டு நோக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உயிர்களின் பாதுகாப்பு. மற்றொன்று, தெருவின் அழகும் மனையின் மதிப்பும். முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவது தன் காரியத்தை முடித்துக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். புதைகம்பிக்கான செலவோ மேற்கம்பியைக் காட்டிலும் பன்மடங்கு. அப்பணம் வானத்திலிருந்து வருவதில்லை. இறுதியில் அது மின்பட்டியலிலேயே வந்து உட்காருகிறது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது எந்த வீடுகள் முதலில் விளக்கை அணைத்தன என்பதை நாம் கண்டோமல்லவா?

இப்பிரச்சினையை நமக்கு முன்பே சந்தித்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1967இல் அங்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. பொதுநலம் கருதி ஓரிடத்தில் கம்பிகளைப் புதைத்தால் செலவை எல்லா நுகர்வோரும் ஏற்பர். தம் வசதிக்காகக் கேட்போர் பெரும்பகுதியைத் தாமே தருவர். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் எது பொதுநலம்? கண்ணுக்கினிய காட்சியுள்ள பகுதியும் பொதுநலப் பட்டியலில் இடம்பெற்றது. அதே மாநிலத்தில்தான், 2018 நவம்பரில், உயர்ந்த மின்கோபுரமொன்றின் தேய்ந்துபோன பழைய கொக்கி முறிந்தது. கம்பியிலிருந்து பறந்த தீ, பரடைஸ் என்னும் ஊரை எரித்தது. 85 பேர் மாண்டனர். அழகும் ஆபத்தும் ஒரே பணப்பெட்டியை நோக்கிக் கை நீட்டும்போது, எந்தக் கைக்கு முதலிடம் என்பதைச் சமுதாயம் முன்கூட்டியே தீர்மானித்திருக்கவேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

“பயன் பெறுபவனே பணம் தரட்டும்” என்பர் சிலர். இந்த வாதத்தை நாம் இலேசாக ஒதுக்கிவிடக் கூடாது. எழுவான்கரையில் ஒரு கடைத்தெரு அழகு பெறுவதற்காக, படுவான்கரையில் ஒற்றைக் குமிழ் எரிக்கும் வயற்கூலிக்காரி ஏன் காசு தரவேண்டும்? இங்கே அவ்வாதம் ஏழையைக் காக்கிறது. ஆனால் அதே வாதத்தை வெல்லாவெளிக்கும் கரடியனாற்றுக்கும் கொண்டுபோனால் என்ன நேரும்? தாழத் தொங்கும் கம்பியை அகற்றப் பணமில்லாதவன் அதன் கீழேயே உழுதுகொண்டிருக்கட்டும் என்று ஆகிவிடும். நகரத்தில் ஏழையைக் காத்த வாதம் வயலில் அவனைக் கைவிடுகிறது. ஆதலால், யார் பயன் பெறுகிறார் என்பதோடு, என்ன பயன் என்றும் கேட்டாக வேண்டும்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் அத்துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’யையே நம்பியிருந்தோம். பாலத்தால் பெரும்பயன் பெற்றவர் படுவான்கரை மக்களே. ஆயினும் தலைக்கு இவ்வளவு தாருங்கள் என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. மின்சாரத்திலும் இந்த நியதி உண்டு. ஒரே வகை நுகர்வோர்க்குக் கொழும்பிலும் கொக்கட்டிச்சோலையிலும் ஓர் அலகின் விலை ஒன்றே. நெடுந்தூரக் கம்பியின் செலவு அதன் நுனியிலிருப்பவன் தலையில் மட்டும் ஏற்றப்படவில்லை. இது ஒருவர் இட்ட பிச்சையன்று, கடன் தீர்த்தலாகும். மலையகத்து நீர்தான் இந்நாட்டின் நகரங்களுக்கு முதலில் பெருமளவில் ஒளி தந்தது. அம்மலைகளில் உழைத்தோரின் லயன் அறைகளோ நெடுங்காலம் இருளில் கிடந்தன. இருளைச் சுமந்தவர்களுக்கு ஒளியைப் பெற்றவர்கள் கடன்பட்டவர்கள் அல்லரோ?

ஆகவே நமது முடிவு இது: உயிருக்கு ஆபத்தான இடத்திலும், மருத்துவமனை, குடிநீர் நிலையம் முதலியவற்றுக்குச் செல்லும் வழியிலும் ஆகும் செலவு எல்லோருடையதுமாகட்டும், குறைந்த அளவு மின்சாரம் பாவிப்போர்மீது அதன் சுமை ஏறாதிருக்கட்டும். அழகுக்காகும் செலவை அழகை வேண்டுவோர் தரட்டும். எல்லா இடத்திலும் புதைப்பதே பாதுகாப்பு என்றும் எண்ணவேண்டியதில்லை. உப்புநீர் ஊறும் நமது மணலில் புதைகம்பியின் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. பல இடங்களில் வெறுங்கம்பிக்குப் பதிலாக உறையிட்ட கம்பிக்கற்றையைக் கம்பங்களிலேயே இழுத்தால், குறைந்த செலவில் உயிர்கள் காக்கப்படும்.

இதனைத் தீர்மானிக்கும் கூட்டம் எழுவான்கரை மண்டபத்தில் மட்டும் கூடினால், தீர்ப்பும் எழுவான்கரைக்கே சாதகமாக அமையும். படுவான்கரையின் உழவனும் மீனவனும் அங்கே அமர்ந்திருக்கவேண்டும். எந்தக் கம்பி முதலில் மாறவேண்டும் என்பதை, அதன் கீழே நடமாடுபவனைக் கேட்டே முடிவு செய்வோம்.