நாசிகள் இரண்டும் நம்ம வேலவனும்

ஓம் சரவணபவ!

கந்த சஷ்டி கவசம் நம்மில் பலர் தினமும் படிக்கிறோம். பாலன் தேவராய சுவாமிகள் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லி வேலிடம் ஒப்படைத்துக்கொண்டே வருவார். மூக்கு வரும்போது, துவாரம் இரண்டையும் காக்கச் சொல்லிக் கேட்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்னு பாருங்க.

ஒரு சின்ன கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடிச்சு மூச்சு விடுங்க. பெரும்பாலும் ஒரு பக்கம் ஆவி பெரிசாவும் மறுபக்கம் சிறிசாவும் படியும். சில மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பக்கம் மாறியிருக்கும். நம்ம யோகிகள் இடகலை, பிங்கலைன்னு சொல்லி இந்த மாற்றத்தைக் கவனிச்சவங்க. மேலைநாட்டு மருத்துவத்தில் இதை 1895-ல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார்.

மூக்குக்குள் ரெண்டு பக்கமும் சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள் இருக்கு. டர்பினேட் என்பார்கள். அதன் மேல் இருக்கிற சதையில் ரத்தம் நிறைஞ்சா அந்தப் பக்கம் வழி குறுகும், வடிஞ்சா திறக்கும். ஒரு பக்கம் வேலை, மறுபக்கம் ஓய்வு. எங்க சர்வர் ரூம்ல கூட ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தயாரா நிக்கும், ஆனா அதுக்கு நாங்க ராத்திரி முழிச்சிருக்கணும்! இங்க நாம தூங்கும்போதும் அவன் பார்த்துக்கறான்.

மூக்கடைப்புன்னா சளிதான்னு நினைக்கிறோம். பல நேரம் அது சதை வீக்கம். அதனாலதான் எவ்வளவு சிந்தினாலும் வழி விடாது. ஒரு நாளைக்கு சுமார் 10,000 லிட்டர் காற்று உள்ளே போகுது. அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை முடியிலும் சளியிலும் பிடிச்சு அனுப்பறது மூக்கு. வாய்க்கு இந்த வித்தை தெரியாது. (பூஜை அறையை மூடிவெச்சு சாம்பிராணி போடறவங்க ஜன்னலைத் திறந்து வையுங்க, புண்ணியமாப் போகும்.)

இப்போ பிரணவத்துக்கு வருவோம். சுவாமிமலையில் தகப்பனுக்கே அதன் பொருள் சொன்னவன் நம்ம சுவாமிநாதன். ஓம் எங்கே முடியுது? வாயை மூடி, 'ம்' என்று மூக்கு வழியா. தொல்காப்பியமும் மெல்லெழுத்துகள் மூக்கின் காற்றால் ஒலிக்கும்னுதான் சொல்லுது. 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒண்ணு அளந்தாங்க: சும்மா மூச்சு விடறதைவிட, வாயை மூடி 'ம்ம்ம்'னு ரீங்காரம் செய்யும்போது மூக்கிலிருந்து வர்ற நைட்ரிக் ஆக்சைடு சுமார் 15 மடங்கு. மூக்கைச் சுற்றி இருக்கிற சைனஸ் அறைகளில் ஊறும் வாயு அது. ரத்தக் குழாயைத் தளர்த்தும். உடனே "ஓம் சொன்னா சைனஸ் போயிடும்"னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. அந்த ஆய்வு அப்படிச் சொல்லலை, நானும் சொல்லலை.

எதுக்கு இதை அழுத்திச் சொல்றேன்னா, எங்க அம்மாவுக்கு மூக்கின் நடுச்சுவர் வளைஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க வாயாலதான் மூச்சு. கடையில் வாங்கின சொட்டு மருந்தை மாசக்கணக்கா விட்டுட்டு இருந்தாங்க. அதெல்லாம் மூணு, அஞ்சு நாளைக்கு மேல போனா, மருந்தே வீக்கத்தைக் கொண்டுவந்துடும். அம்மாவுக்கு மூச்சைவிடப் பெரிய வருத்தம் வேற. கூட்டுப் பாராயணத்தில் 'முருகா'ன்னா 'புருகா'ன்னு வருதாம். அதனால பின்வரிசையில் உதடு மட்டும் அசைப்பாங்க.

டாக்டர் ஆபரேஷன் செய்யலாம்னார். அம்மா, "கவசம் படிக்கிறவளுக்குக் கத்தி எதுக்குடா? நம்பிக்கை இல்லேன்னு ஆயிடாதா?"ன்னாங்க.

"அம்மா, காப்பாத்துன்னு நாம தினமும் கூப்பிடறதே ஒரு கூரான ஆயுதத்தைத்தானே? வேல் எந்தக் கை வழியா வரணும்னு அவன் முடிவு பண்ணட்டும்"னேன். ஞானசக்தின்னு வேலைச் சொல்றோம். அந்த ஞானத்தில் படிச்ச மருத்துவனோட அறிவு சேராதுன்னு எந்தப் பெரியவர் சொன்னார்?

அம்மா அன்னிக்குப் பேசவே இல்லை. ரெண்டு நாள் கழிச்சு, "சஷ்டி விரதத்தை முடிச்சுக்கறேன், அப்புறம் தேதி வாங்கு"ன்னாங்க. திருக்கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் அட்மிட் ஆகச் சொல்லியிருக்காங்க. அடியார்கள் அன்னிக்கு ஒரு தடவை அம்மாவுக்காகக் கவசம் படிச்சா போதும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!